'வால்வு நார்மல்' - சரி, எவ்வளவு?

பி.காம் படிக்கிறவனுக்கு இருதய ஆபரேஷனைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா இது கணக்கு விஷயமும்கூட, அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்க பெரியப்பாவுக்குப் போன வருஷம் பென்ட்டால் ஆபரேஷன் நடந்தது. பெருநாடி வால்வையும் அதற்கு மேலே வீங்கிப்போன பெருநாடியையும் எடுத்துவிட்டு, செயற்கை வால்வு பொருத்திய டேக்ரான் குழாயை வைத்துத் தைப்பார்கள். இருதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற கரோனரி குழாய்களையும் அதிலேயே திரும்ப இணைப்பார்கள். பென்ட்டால், டி போனோ என்ற இரண்டு பேர் 1968-ல் வெளியிட்ட முறை இது.

இரண்டு மாதம் கழித்து எடுத்த எக்கோ ரிப்போர்ட்டில் ஒரே வரி. "வால்வு நன்றாக இயங்குகிறது." ஒரு எண்கூடக் கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான்.

போன மாதம் பெரியப்பாவுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. வேறு ஊரில் எக்கோ எடுத்தோம். வால்வின் சராசரி கிரேடியன்ட், அதாவது இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசம், 19. டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "முன்னாடி எவ்வளவு இருந்துச்சு?"

யாருக்குத் தெரியும்?

9 ஆக இருந்து 19 ஆனால், வால்வில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா என்று பயப்பட வேண்டும். முதலிலிருந்தே 19 என்றால், அந்த அளவு வால்வுக்கு அது இயல்பாகவே இருக்கலாம். ஓப்பனிங் பேலன்ஸ் இல்லாத லெட்ஜரை வைத்துக்கொண்டு லாபமா நஷ்டமா என்று சொல்லச் சொன்ன கதை.

இன்னொன்று. எக்கோ அழுத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. ரத்தம் பாயும் வேகத்தை டாப்ளரில் பிடித்து, அதன் வர்க்கத்தை 4 ஆல் பெருக்குகிறார்கள். வேகம் நொடிக்கு 2 மீட்டர் என்றால் உச்ச அழுத்த வித்தியாசம் 16. 3 மீட்டர் என்றால் 36. வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் விடை இரண்டு மடங்குக்கு மேல்! காய்ச்சல், ரத்தசோகை வந்து இருதயம் வேகமாக அடித்தாலே இந்த எண் ஏறிவிடும், வால்வு பாவம் ஒன்றும் செய்திருக்காது. அதனால்தான் வால்வுக்கு முன் உள்ள வேகத்தை வால்வுக்குள் உள்ள வேகத்தால் வகுத்தும் பார்க்கிறார்கள். நம்ம ரேஷியோ அனாலிசிஸ்தான் :-)

ரத்தம் குழாய்க்குள் எப்படிச் சுழல்கிறது என்றுகூடக் காட்டும் எம்ஆர்ஐ வந்துவிட்டது. குழாய்க்கு அப்பால் மிச்சமிருக்கும் பெருநாடியைப் பார்க்க சிடியோ எம்ஆர்ஐயோ வேண்டும்தான். ஆனால் முதல் எக்கோவின் நாலு எண்களைத் தாளில் எழுதித் தர அத்தனை பெரிய மெஷின் எதற்கு? ஆடிட்டர் "கணக்கு நல்லா இருக்கு" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் விடுவோமா?

பெரியப்பாவுக்கு எக்ஸ்ரே திரையில் வால்வைப் பார்த்தார்கள். இரண்டு இதழ்களும் ஒழுங்காகத் திறந்து மூடின. ஹீமோகுளோபின்தான் 8. இப்போது இரும்புச்சத்து மாத்திரை ஓடுகிறது, அடுத்த மாதம் மறுபடி எக்கோ. பெரியம்மா ஒரு நோட்டு போட்டிருக்கிறார். முதல் வரியில் தேதி, 19, ஹீமோகுளோபின் 8.