டன் கணக்கும் தலைக் கணக்கும்

ரெண்டாம் உலகப்போர் பிரிட்டிஷ் நீர்மூழ்கிகளைப் பத்தி இங்க இங்கிலாந்துல புத்தகங்களுக்குப் பஞ்சமே இல்லைங்க. பெரும்பாலும் எத்தனை கப்பல், எத்தனை டன்னுதான் கணக்கு. எனக்கு அதுலதான் வருத்தம்.

நம்ம திருகோணமலையை வச்சுத்தான் இவை மலாக்கா, சுமத்ரா பக்கம் ஜப்பான் கப்பல்களை வேட்டையாடின. 1944 ஜனவரியில 'டாலி ஹோ' பினாங்கு அருகே 'குமா' போர்க்கப்பலைச் சாய்ச்சது. சாதனைதான், மறுக்கலை.

அதே வருஷம் செப்டம்பர் 18 அன்னிக்கு, சுமத்ராவுக்கு மேற்கே 'ட்ரேட்விண்ட்' மூழ்கடிச்சது 'ஜுன்யோ மாரு'வை. உள்ளே இருந்தவங்க, ரயில்பாதை போட ஜப்பான்காரன் அடைச்சுக் கொண்டுபோன போர்க்கைதிகளும் சுமார் 4,200 ஜாவாக் கூலிகளும். 5,600 பேருக்கு மேல செத்தாங்க. கப்பல்ல கைதிகள்னு எந்த அடையாளமும் இல்லை. அதனால நீர்மூழ்கிக் கேப்டனை நான் குத்தம் சொல்லலை. ஆனா கைதிகளுக்காவது பேர்ப்பட்டியல் இருக்கு. கூலிகளுக்கு?

நான் பாலக்காட்டு எல்லைத் தமிழன். மூணாறு தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணி ஆள் பிடிச்ச மாதிரிதான் மலேயாவுக்கும் பிடிச்சாங்க. அப்படிப் போன தமிழர்கள்ல ஆயிரக்கணக்கானவங்க சயாம் ரயில்பாதையில பேரில்லாமலே செத்தாங்க. ஜாவாக்காரன் கதை நமக்கு அந்நியமா என்ன?

டன் கணக்குக்குப் பக்கத்துலயே தலைக் கணக்கையும் எழுதுங்கய்யா. அதனால வெற்றி ஒண்ணும் சின்னதாயிடாது.