999 மௌனமானால்? பாஸ்டனின் தெருப்பெட்டி எழுப்பும் கேள்வி

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2024 ஜூன் 18ஆம் தேதி பிற்பகல், அவசர அழைப்பு எண்ணான 911 வேலை செய்யவில்லை. பாதிக்கப்பட்டது ஏதோ ஒரு வட்டாரம் மட்டுமல்ல, சுமார் 70 லட்சம் மக்கள் வாழும் மாநிலம் முழுவதும். தலைநகர் பாஸ்டனில் அதிகாரிகள் பொதுமக்களுக்குச் சொன்ன மாற்று வழிகளில் ஒன்று, கைத்தொலைபேசிக் காலத்திற்குச் சற்றும் பொருந்தாதது போலத் தோன்றியது. அவசரம் என்றால் தெருவோரத்தில் இருக்கும் சிவப்பு நிறத் தீ அபாயப் பெட்டியின் பிடியை இழுங்கள், அல்லது அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்திற்கு நேரில் செல்லுங்கள் என்றார்கள்.

ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் சேவை சீரானது. இணையத் தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. அழைப்புகளைப் பாதுகாக்க வைத்திருந்த 'ஃபயர்வால்' மென்பொருளே அவற்றை உள்ளே விடாமல் தடுத்துவிட்டது என்று பின்னர் தெரிய வந்தது. பெயரில் தீயைத் தடுக்கும் சுவர் என்றிருந்தாலும், அன்று அது தடுத்தது தீயணைப்பு வண்டியை அழைத்த குரலை.

தெருவில் நிற்கும் இந்தப் பெட்டிகளை வைத்திருப்பதா, பிடுங்கி எறிவதா என்ற வாதம் அமெரிக்க நகரங்களில் பல்லாண்டுகளாக நடக்கிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்று அப்படிப்பட்ட தெருப்பெட்டிகள் இல்லை. ஆனால் அந்த வாதத்தின் அடியில் உள்ள கேள்வி நமக்கும் பொருந்தும். அவசரத்தில் உதவி கேட்க ஒரே ஒரு வழியை மட்டும் நம்பி இருக்கலாமா?

பெட்டி எப்படிப் பேசும்?

பாஸ்டன் நகரம் 1852 ஏப்ரலில் இந்த அமைப்பைத் தொடங்கியது. தந்தி முறையில் இயங்கும் தீ அறிவிப்பு அமைப்பை உலகில் முதலில் நிறுவிய நகரம் அதுதான். வில்லியம் சானிங் என்ற மருத்துவரும் மோசஸ் ஃபார்மர் என்ற பொறியாளரும் இதை உருவாக்கினார்கள். கேம்வெல் என்பவர் பின்னர் இதன் உரிமையை வாங்கி நாடு முழுவதும் விற்றார். அதனால் பல ஊர்களில் இதற்குக் 'கேம்வெல் பெட்டி' என்றே பெயர்.

பெட்டிக்குள் இருப்பது, சாவி கொடுத்த பழைய கடிகாரத்தைப் போன்ற ஒரு சுருள்வில் இயந்திரம். பிடியை இழுத்தால் பல் வைத்த சக்கரம் ஒன்று சுழலும். அந்தப் பற்கள் மின்சுற்றை விட்டுவிட்டுத் துண்டிக்கும். 52ஆம் எண் பெட்டி என்றால் ஐந்து தட்டு, சிறு இடைவெளி, பிறகு இரண்டு தட்டு. மத்திய நிலையத்தில் உள்ளவர்கள் அந்தத் தட்டுகளை எண்ணிப் பார்த்து, எந்தத் தெருமுனை என்று தெரிந்துகொண்டு வண்டியை அனுப்புவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பெட்டிக்குக் குரல் வேண்டாம், மொழி வேண்டாம். இழுப்பவர் தம் முகவரியைச் சொல்ல வேண்டியதில்லை, பெட்டியே முகவரிதான். கம்பியும் மின்கலமும் நகரத்துக்குச் சொந்தமானவை. தொலைபேசி நிறுவனத்தின் கோபுரம் சாய்ந்தாலும், தெருவில் மின்சாரம் நின்றாலும் பெட்டிக்குக் கவலையில்லை. என்ன தீ, எவ்வளவு பெரியது, உள்ளே யாராவது சிக்கியிருக்கிறார்களா என்று மட்டும் அதனால் சொல்ல முடியாது. தீயா, மாரடைப்பா, குறும்பா என்பது வண்டி போய்ச் சேர்ந்த பிறகே தெரியும்.

குறும்புதான் இந்தப் பெட்டியின் தீராத வியாதி. தொடக்க காலத்திலேயே பொய் அழைப்புகளுக்குப் பயந்து பாஸ்டனில் பெட்டிகளைப் பூட்டி வைத்தார்கள். சாவி காவலர்களிடமும் நம்பிக்கைக்குரிய சிலரிடமும் மட்டுமே இருந்தது. 1872 நவம்பர் 9ஆம் தேதி சனிக்கிழமை இரவு, நகரின் வணிகப் பகுதியில் ஒரு கிடங்கில் தீப்பிடித்தது. தீயைப் பார்த்தவர்களால் பெட்டியைத் திறக்க முடியவில்லை. சாவி உள்ள காவலர் வந்து 52ஆம் எண் பெட்டியை இழுப்பதற்குள் தீ மேல் மாடிவரை போய்விட்டது. அந்தச் சமயத்தில் குதிரைகளுக்கு நோய் பரவியிருந்ததால் வண்டிகளை மனிதர்களே இழுத்துக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. முடிவில் சுமார் 65 ஏக்கர் பரப்பில் 700க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. பூட்டு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. கூரைகளும் குறுகிய தெருக்களும் போதாத தண்ணீர்க் குழாய்களும் சேர்ந்தன. ஆனாலும், குறும்புக்காரனைத் தடுக்கப் போட்ட பூட்டு தீயைப் பார்த்தவனையும் தடுத்தது. இன்றுவரை நடக்கும் வாதத்தின் இரு பக்கங்களும் அந்தப் பூட்டிலேயே இருக்கின்றன.

நீதிமன்றம் சென்ற பெட்டி

அமெரிக்காவில் 911 எண்ணில் முதல் அழைப்பு 1968 பிப்ரவரியில் அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்ற சிற்றூரில் போனது. அந்த எண் பரவப் பரவத் தெருப்பெட்டிகள் ஒவ்வொரு நகரமாக மறையத் தொடங்கின. வாஷிங்டனில் 1970களில் கைவிட்ட பெட்டிகளின் கூடுகளைப் பின்னாளில் ஓவியர்களிடம் கொடுத்து, வட்டார வரலாற்றைச் சொல்லும் கலைப்பொருள்களாக்கினார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. இழுத்தால் யாரும் வர மாட்டார்கள்.

நியூயார்க்கில் கதை வேறு. அங்கே ஏறக்குறைய 15,000 பெட்டிகள் இருந்தன. வரும் அழைப்புகளில் மிகப் பெரும்பாலானவை பொய், பராமரிப்புச் செலவோ அதிகம் என்று சொல்லி, 1990களின் நடுவில் மேயர் ருடால்ஃப் ஜூலியானி அவற்றை நிறுத்த முயன்றார். காது கேளாதோர் சங்கம் வழக்குத் தொடர்ந்தது. 'தொலைபேசியில் பேச முடியாத நாங்கள் தெருவில் நின்று எப்படி உதவி கேட்பது?' என்பதே வழக்கின் சாரம். உடற்குறையுள்ளோருக்குச் சம உரிமை வழங்கும் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சுட்டி, கூட்டரசு நீதிமன்றம் 1996இல் நகர நிர்வாகத்தைத் தடுத்தது. பின்னர் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் காலத்தில் மீண்டும் முயன்றார்கள். 2011இல் நீதிமன்றம் அதையும் ஏற்கவில்லை.

பொய் அழைப்பு என்ற வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஒரு பொய் அழைப்புக்கு ஓடிய வண்டி, அதே நேரத்தில் எரியும் உண்மையான வீட்டுக்குத் தாமதமாகத்தான் போகும். சிவப்பு விளக்குகளைத் தாண்டி விரையும் வண்டி வழியில் விபத்துக்குள்ளாகலாம். நூறு ஆண்டு பழைய இயந்திரத்தைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் ஓய்வு பெற்றுக்கொண்டே இருக்கிறார்கள். பழுதைக் கவனிக்காமல் விட்ட பெட்டி, பெட்டியே இல்லாததைவிட மோசமானது. அதை நம்பி ஓடி வந்தவர் நேரத்தை இழப்பார்.

பெட்டி எதற்கும் அசையாது என்ற நம்பிக்கையும் வரலாற்றுக்கு ஒத்து வராது. சான் பிரான்சிஸ்கோவில் 1906 ஏப்ரல் 18ஆம் தேதி நிலநடுக்கம் வந்தபோது, மத்திய நிலையத்தில் இருந்த கண்ணாடி மின்கலங்கள் உடைந்து சிதறின. நகரின் பெட்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஊமையாயின. அதன் பின் வந்த தீ நாள் கணக்கில் எரிந்தது. அந்த நகரம் அதற்குப் பின்னும் பெட்டியைக் கைவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

குறுஞ்செய்தி போதாதா?

போதும் என்கிறது எதிர்த்தரப்பு. மாசசூசெட்ஸில் 2018 டிசம்பர் முதலும், நியூயார்க்கில் 2020 ஜூன் முதலும் 911க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். இனிக் காது கேளாதோருக்கும் பெட்டி தேவையில்லை என்பது அவர்கள் வாதம். சாதாரண நாளில் அது சரிதான். தெருமுனைக்கு ஓடுவதைவிட இருந்த இடத்திலிருந்து செய்தி அனுப்புவது எவ்வளவோ மேல்.

ஆனால் அழைப்பும் குறுஞ்செய்தியும் செயலியும் ஒரே சாலையில் ஓடும் மூன்று வண்டிகள். சாலையே மூடிவிட்டால் மூன்றும் நிற்கும். ஆஸ்திரேலியாவில் 2023 நவம்பர் 8ஆம் தேதி ஆப்டஸ் நிறுவனத்தின் சேவை முடங்கியபோது, 2,145 பேரால் அவசர எண்ணான 000ஐ எட்ட முடியவில்லை. ஒரு நிறுவனத்தின் கோபுரம் செயலிழந்தால், அவசர அழைப்புக்காகக் கைத்தொலைபேசி வேறு நிறுவனத்தின் கோபுரத்தைத் தேட வேண்டும். அன்று கோபுரங்கள் சில உயிரோடு இருப்பது போலவே தோன்றியதால், கைத்தொலைபேசிகள் அவற்றையே பிடித்துக்கொண்டு நின்றன. அந்த நிறுவனத்துக்கு 1 கோடியே 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தார்கள். இருந்தும் 2025 செப்டம்பரில் அதே நிறுவனத்தில், ஃபயர்வால் மேம்பாட்டுப் பணியின்போது, அவசர அழைப்புகள் மீண்டும் தடைப்பட்டன. இம்முறை உயிரிழப்புகளுடன் தொடர்புபடுத்தும் அளவுக்கு விவகாரம் முற்றியது.

இது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. சிங்கப்பூரில் 2024 அக்டோபர் 8ஆம் தேதி பிற்பகல் சிங்டெல் நிலவழித் தொலைபேசிச் சேவை பல மணி நேரம் தடைப்பட்டது. 995, 999 எண்களுக்கான அழைப்புகளும் அதில் சிக்கின. குறுஞ்செய்தி வழியாகத் தொடர்புகொள்ளும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். நிறுவனத்துக்கு 10 லட்சம் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. அன்று குறுஞ்செய்தி தப்பித்தது, அது நிலவழித் தொடர்பைச் சாராமல் இருந்ததால்.

இங்கே இரண்டு வகைப் பழுதுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மாசசூசெட்ஸில் கெட்டது அவசர அழைப்பு அமைப்பு மட்டும். சாதாரணத் தொலைபேசி வேலை செய்தது. அதனால் அந்தந்த ஊர் நிலையத்தின் நேரடி எண்ணை அறிவித்தே பல ஊர்கள் சமாளித்தன. ஆஸ்திரேலியாவில் கெட்டது வலையமைப்பு. அங்கே எந்த எண்ணும் உதவாது. முதல் வகைக்கு இன்னோர் எண் போதும். இரண்டாவது வகைக்குத்தான் தொலைபேசியையே சாராத ஒரு வழி வேண்டும். பெட்டியின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. ஓராண்டில் எத்தனை உண்மை அழைப்பு வந்தது என்று எண்ணி அதை எடைபோடுவது, ஓராண்டில் எத்தனை முறை தீப்பிடித்தது என்று பார்த்து வீட்டுக் காப்புறுதியை ரத்து செய்வதைப் போன்றது.

தோட்டத்து முகவரி

மலேசியாவில் 2007 முதல் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் 999 ஒன்றே எண். நல்ல ஏற்பாடு. ஆனால் தோட்டப்புறத்தில் அந்த எண்ணை அழுத்துவது பாதி வேலைதான். முதலில் லைன் கிடைக்க வேண்டும். செம்பனைத் தோப்பின் நடுவே, மேடேறிப் போனால்தான் கைத்தொலைபேசி பேசும் என்ற இடங்கள் இன்னும் இருக்கின்றன. அடுத்து, எதிர்முனையில் இருப்பவருக்கு மலாயில் இடத்தை விளக்க வேண்டும். 'இரண்டாவது டிவிஷன், பழைய லயம், கோயிலுக்குப் பின்னால்' என்பது அங்கே வாழ்பவருக்குத் தெளிவான முகவரி. வரைபடத்தில் அப்படி ஓர் இடம் இல்லை. பதற்றத்தில் இருக்கும் ஒரு பாட்டிக்கோ, நேற்று வந்து சேர்ந்த வங்காளதேசத் தொழிலாளிக்கோ இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிதல்ல. பலகை வீட்டில் தீ அதுவரை காத்திருக்காது.

குரலும் மொழியும் இல்லாமல் இடத்தைச் சொல்லும் கருவி என்றால் என்ன என்பது இவர்களுக்கு உடனே புரியும். அதற்காக மலேசியத் தெருக்களில் புதிதாகச் சிவப்புப் பெட்டி நட வேண்டும் என்று கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. மலிவு விலை அடுக்குமாடிகளில் தீயணைப்புக் குழாயின் பித்தளை முனையே திருடு போகும் ஊரில், தெருவில் நிற்கும் வார்ப்பிரும்புப் பெட்டி எத்தனை நாள் நிற்கும்? கம்பி போட்டுப் பராமரித்து வைத்திருக்கும் பாஸ்டன் அதைத் தொடரட்டும். மாதந்தோறும் சோதித்துப் பார்க்க ஆளும் பணமும் ஒதுக்காமல் வெறும் பெருமைக்காக வைத்திருப்பதென்றால் எடுத்துவிடுவது நல்லது. இல்லாத ஊர் தேட வேண்டியது பெட்டியை அல்ல, பெட்டி செய்யும் வேலையை.

அந்த வேலை இரண்டு. அக்கம்பக்கத்தாரை எழுப்புவது ஒன்று, படையை வரவழைப்பது இன்னொன்று. முதல் வேலைக்குத் தோட்டத்தில் என்றைக்கும் குறைவிருந்ததில்லை. பெரட்டுக்கு அழைத்த மணி ஊரையே எழுப்பியது. இன்றும் தோட்டத்துக் கோயிலில் மணியும் ஒலிபெருக்கியும் இருக்கின்றன. நேரமில்லாத நேரத்தில் விடாமல் அடித்தால் தீ என்று ஊர் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளச் செலவே இல்லை.

இரண்டாவது வேலை தோட்ட நிர்வாகத்தையும் அரசையும் சார்ந்தது. தோட்ட அலுவலகத்திலிருந்து அருகிலுள்ள நிலையத்துக்கு வானொலித் தொடர்பு இருக்கிறதா? தன்னார்வத் தீயணைப்புக் குழு அமைக்கும் தூரத்தில் அந்தத் தோட்டம் இருக்கிறதா? 999 அமைப்பு நின்றால் மக்களுக்கு எப்படி, எந்த மொழிகளில் அறிவிப்பார்கள்? ஒவ்வொரு லயத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அதைச் சுவரில் பெரிதாக எழுதி, அதே எண்ணை நிலையத்தின் பட்டியலிலும் சேர்த்துவிட்டால், அழைப்பவர் மலாயில் அந்த எண்ணை மட்டும் சொன்னால் போதும். பாஸ்டன் 1852இல் தெருமுனைகளுக்குச் செய்தது இதைத்தான். தோட்டத்தில் செய்ய ஒரு டின் சாயமும், நிலையத்துக்கு ஒரு கடிதமும் வேண்டும்.