ஏட்டுக்குச் சட்டமும் கருவிக்கு உறையும்

சென்ற மாரிகாலத்தில் ஒருநாள் என்னிடம் படிக்கும் மாணவனொருவன் தன் மின்னூற் கருவியைக் கையிலேந்தியவாறு வந்து நின்றான். திரையின் மேற்பாதியில் அவன் கடைசியாக வாசித்த பக்கத்தின் வரிகள் அசையாது நின்றன. கீழ்ப்பாதியிற் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் ஓடிக்கிடந்தன. மேற்பரப்பைத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல்தானும் இல்லை. "கீழே போடவில்லை, சேர். பஸ்ஸிலே பை நெருக்குப்பட்டது, அவ்வளவுதான்" என்றான். பிறர் பாவித்த கருவியேயாயினும், ஓராண்டு காலம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் அவன் வாங்கியது அது. "உறை ஒன்று வாங்கவில்லையா?" என்று கேட்டேன். "அதற்கும் காசு வேண்டுமே, சேர்" என்றான்.

அவ்விடை என்னைப் பலநாள் உறுத்திற்று. உறை என்பது பணமுள்ளோர் தம் பொருளுக்குச் செய்யும் அலங்காரம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. எனது கருத்து இதற்கு நேர்மாறானது. உடைந்தால் மறுநாளே வேறொன்று வாங்க வல்லவனுக்கு உறை இல்லாவிட்டாலும் கேடில்லை. மறுமுறை வாங்க வழியற்றவனுக்கே அது முதலில் வேண்டும். ஆதலின் நூறு ரூபாவுக்குக் கருவி வாங்க எண்ணுவோன் தொண்ணூறு ரூபாவுக்குள் அதனைத் தேடிக்கொண்டு, எஞ்சிய பத்தை உறைக்கென ஒதுக்குதலே அறிவுடைமை.

மேலே கீறலின்றி உள்ளே முறிந்தது எவ்வாறு? நம் விரல் தொடுவது பெரும்பாலும் மேலே ஒட்டிய பிளாத்திக்குப் படலமே. அதன் அடியில், எழுத்தைத் தோற்றுவிக்கும் நுண்சுற்றுகளைத் தாங்கி நிற்பது, பெரும்பாலான கருவிகளில், மிக மெல்லிய கண்ணாடித் தகடாகும். ஓரிடத்தில் விழும் அழுத்தமோ, கருவி சற்றே வளைவதோ அதனை முறிக்கப் போதுமானது. கண்ணாடிக்குப் பதிலாக நெகிழும் தகடு கொண்ட கருவிகளும் உண்டு. ஆயினும் மலிவான வகைகளில் அதனை எதிர்பார்த்தலரிது. தகடு முறிந்தபின் திரையையே மாற்றவேண்டும். அச்செலவு பலவேளைகளிற் கருவியின் விலையை நெருங்கி நிற்கும். ஆகவே கருவிக்குப் பகை வீழ்ச்சி மட்டுமன்று. பைக்குள் நேரும் நெருக்கமும் அதனை ஒத்த பகையே.

இதனை மனத்திற் கொண்டு கடைக்குச் செல்வோமாக. அங்கே மூவகை உறைகள் கிடைக்கும். முதலாவது, முதுகையும் ஓரங்களையும் பற்றிக்கொள்ளும் இறப்பர் போன்ற ஓடு. மூலை நிலத்தில் மோதும்போது இது உதவும். ஆனால் திரையைத் திறந்தபடியே விட்டுவிடும். இரண்டாவது, மென்துணிப் பை. கீறலைத் தடுக்கும்; திறப்புக் கோவையோ தண்ணீர்ப் போத்தலோ அழுத்தும்போது அவ்வழுத்தத்தை அப்படியே திரைக்குக் கடத்திவிடும். போதாக்குறைக்கு, உள்ளே புகுந்த மணல் தானே திரையைக் கீறவுஞ் செய்யும். மூன்றாவது, புத்தகம்போற் திறந்து மூடும் மடிப்புறை. இதன் முன்மூடிக்குள் வளையாத பலகையொன்று இருக்குமாயின், விழும் அழுத்தம் ஓரிடத்தில் நில்லாது பரவிப்போகும். காசு குறைந்தவன் தேடவேண்டியது இதனையே. மூடியின் நடுவிற் பெருவிரலால் அழுத்திப் பார்க்க. அது குழியுமாயின் வேறு கடை பார்க்க.

இது புதிய ஞானமுமன்று. நம் முன்னோர் ஓலைச் சுவடியை எவ்வாறு காத்தனர்? மேலும் கீழும் மரச்சட்டம் வைத்து, துளைவழியே கயிறு கோத்து, இறுகச் சுற்றிக் கட்டினர். ஓலை வளையாதவாறும் ஓரம் முறியாதவாறும் காத்தவை அவ்விரு பலகைகளே. பட்டுத்துணி சுற்றியவரும் உளர், பழந்துணி சுற்றியவரும் உளர். சட்டமின்றிச் சுவடி வைத்திருத்தல் வழக்கமன்று.

இனி, எவற்றை விட்டுவிடலாம்? தோலுறை அழகியதுதான், அதற்குரிய விலை நமக்கு வேண்டாம். தோல்போற் காட்சியளிக்கும் செயற்கைப் பூச்சு நம் நாட்டு ஈரவெப்பத்திற் சில ஆண்டுகளிலேயே பொருக்குப் பொருக்காய் உரிந்துவிடும். அதற்கெனக் கூடுதற் பணம் கொடுத்தல் வீண். மூடியதும் திரையை உறங்கச் செய்யும் காந்தம் வசதியே. ஆயினும் பொத்தானை அழுத்தும் விரல் நமக்கு உண்டு. நிறுத்தி வைக்கும் தாங்கி, கைப்பட்டி, படங்கள் யாவும் அவ்வாறே. எடையையும் கவனிக்க: 2021 இல் வெளிவந்த கிண்டில் பேப்பர்வைற் ஏறத்தாழ 205 கிராம் நிறையுடையது. அதே அளவு கனக்கும் உறையைப் பூட்டினால் ஒருகையாற் பிடித்து வாசிக்கும் இன்பம் போய்விடும்.

மற்றோர் எச்சரிக்கை. பெயரை மட்டும் நம்பி உறை வாங்கற்க. பேப்பர்வைற் என்ற அதே பெயரில் 2018 இல் வந்ததன் திரை 6 அங்குலம், 2021 இல் வந்தது 6.8, 2024 இல் வந்தது 7. ஒன்றின் உறை மற்றொன்றுக்குப் பொருந்தாது. பழைய கருவி வாங்குவோர் அது எத்தலைமுறையைச் சேர்ந்ததென அறிந்து, நீள அகலங்களையும் அளந்துகொண்டே உறை தேடுதல் நன்று.

அதற்கும் பணமில்லையெனின் கையாலேயே செய்யலாம். கருவியைவிட நாற்புறமும் 3 மில்லிமீற்றர் பெரிதாக இரு தடித்த மட்டைகளை வெட்டுக. வளையுமாயின் இரண்டிரண்டாய் ஒட்டுக. நடுவே கருவியின் தடிப்பைவிடச் சற்றுக் கூடிய இடைவெளி விட்டு, வெளியே பருத்தித் துணியையும் உள்ளே மென்துணியையும் பசையிட்டு ஒட்டுக. பின்மட்டையின் நான்கு மூலைகளிலும் குறுக்காக இலாஸ்டிக் நாடா தைத்தாற் கருவி நழுவாது. மூடிக் கட்ட மேலும் ஒரு நாடா போதும். பாரம் வைத்து, பசை முற்றக் காய்ந்தபின்பே கருவியை உள்ளே வைக்கவேண்டும். கல்நிலத்தில் விழும்போது கடைச்சரக்கு இதனைவிட நன்றாகக் காக்கலாம். பஸ் நெருக்கத்தில் இது குறைந்ததன்று.

ஆண்டுத் தொடக்கத்திற் பாடநூல்களுக்கும் கொப்பிகளுக்கும் உறையிடப் பிள்ளைகளைத் தூண்டும் ஆசிரியர்களாகிய நாம், இதற்கும் ஒரு பாடவேளை ஒதுக்கலாகாதா? 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் 2005 இல் நம் நாட்டிற் தொடங்கிய நூலகம் திட்டமும் எத்தனையோ அரிய நூல்களைக் காசின்றி வாசிக்கத் தந்துள்ளன. அக்காலத்திற் சுவடி சிதைந்தால் நூலே அழிந்துபோகக்கூடும். இன்று கருவி உடைந்தால் நூலுக்கு யாதொரு கேடுமில்லை. அதனைத் திறந்து பார்க்க வழியின்றி நிற்பவன் மாணவனே. அம்மாணவன் மீண்டும் காசு சேர்க்கத் தொடங்கியிருக்கிறான். இம்முறை மட்டை முதலில், கருவி பிறகு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.