காட்டுக்கு என்ன விலை கொடுப்பீர்கள்?



ஒருநாள் உங்கள் வாசலில் ஒருவர் வந்து நின்று, நீங்கள் ஒருமுறையேனும் போயிராத ஒரு காட்டைக் காப்பதற்காக, அடுத்த 10 ஆண்டுகளுக்கு வாரம் 2 டாலர் வருமானத்தை இழக்கச் சம்மதமா என்று வினவினால் என்ன மறுமொழி கூறுவீர்கள்? நகைக்க வேண்டாம். 1990ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய நாட்டில் வீடு வீடாகச் சென்று 2,034 பேரிடம் இத்தகைய கேள்வி மெய்யாகவே கேட்கப்பட்டது.

அந்நாட்டின் வடபுலத்தில் காக்கடு என்னும் தேசியப் பூங்கா உள்ளது. அதனை ஒட்டிய கொரனேஷன் மலையில் பொன்னும் பிளாட்டினமும் பல்லேடியமும் புதைந்திருந்தன. சுரங்கம் தோண்டலாமா, அவ்விடத்தையும் பூங்காவுடன் சேர்த்துவிடலாமா என்பதே வழக்கு. பொன்னுக்குச் சந்தையில் விலை உண்டு. ஆற்றுக்கும் பறவைக்கும் யார் விலை எழுதி வைத்தார்கள்? ஆகவே அரசு அமைத்த ஆணையம், மக்களிடமே கேட்டுவிடத் துணிந்தது.

கேட்ட முறையைக் கவனியுங்கள். ஒரு தொகையைச் சொல்லி, "ஆம்" என்றால் அதனைக் கூட்டியும், "இல்லை" என்றால் குறைத்தும் மீண்டும் கேட்டனர். சுரங்கத்தால் சிறு சேதமே நேரும் என்று சிலரிடமும், பெருஞ்சேதம் நேரும் என்று வேறு சிலரிடமும் கூறினர். சிறு சேதத்தைத் தவிர்க்க ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 52.80 டாலர், பெருஞ்சேதத்தைத் தவிர்க்க 123.80 டாலர் என்பது நடுத்தர மதிப்பாகக் கிடைத்தது. நாடு முழுமைக்கும் பெருக்கினால் சுரங்கத்தின் ஆதாயம் அதன்முன் சிறிதாகிவிடும்!

சுரங்கத் தரப்பினர் சும்மா இருப்பார்களா? வாயால் சொல்வதற்குக் காசு செலவில்லை என்றனர். அதிலும் நியாயம் இல்லாமலில்லை. நாம் வாயால் சொல்லும் தொகை வேறு, கைப்பையைத் திறந்து எடுத்து வைக்கும் தொகை வேறு என்பதை நம் இல்லத்தரசியர் நன்கறிவர். 1993இல் அமெரிக்காவில், நோபல் பரிசு பெற்ற கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ ஆகியோர் தலைமையில் கூடிய அறிஞர் குழுவும் இதைத்தான் வலியுறுத்திற்று. இதற்குக் கொடுக்கும் பணம் மற்றச் செலவுகளுக்கு மிஞ்சாது என்பதைக் கேட்கும்போதே நினைவூட்ட வேண்டும் என்றது அக்குழு.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. பூங்கா அமைந்துள்ள வடபுலப் பிரதேசவாசிகளைத் தனியே கேட்டபோது, அவர்கள் சொன்ன தொகை மிகமிகக் குறைவு. தொலைவில் இருப்போருக்கு அது அழகிய காடு. அருகில் இருப்போருக்கோ, அச்சுரங்கம் பிழைப்பாகவும் தோன்றியிருக்கலாம். யாருடைய கணக்கை மெய்யென்று கொள்வது?

அம்மலையைத் தம் முன்னோர் பூமியாகக் கருதும் ஜாவோய்ன் ஆதிக்குடியினரின் மூத்தோரோ எந்தத் தொகையும் கூறவில்லை. "பூலா" என்னும் பேராற்றல் அம்மண்ணுக்கடியில் உறங்குகிறது, அதனைக் குலைத்தால் உலகுக்கே நோய் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்நம்பிக்கையை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் தாய்மண்ணுக்கு எத்தனை டாலர் என்று அவர்களிடம் எந்த நாவால் கேட்பது?

ஆணையம் தன் இறுதி முடிவுக்கு அந்த டாலர்க் கணக்கைச் சார்ந்து நிற்கவில்லை. 1991 ஜூனில் பிரதமர் பாப் ஹாக், தம் அமைச்சர் பலரின் எதிர்ப்பையும் மீறிச் சுரங்கத்தைத் தடை செய்தார். அதற்கு அவர் முன்வைத்த முதன்மைக் காரணம் ஜாவோய்ன் மக்களின் நம்பிக்கையே. அம்மலை இன்று காக்கடுப் பூங்காவின் எல்லைக்குள் இருக்கிறது.