சட்டம் உடைந்த படங்கள்

ஒளிப்படக்கலை பயிலும் மாணவருக்கு, புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர்களைப் பற்றிய குறுங்காணொளிகளைத் திரையிட்டுப் பாடம் நடத்தும் வழக்கம் இன்று பரவி வருகின்றது. பத்து நிமிடத்தில் ஒருவரின் வாழ்வும் பணியும் முடிந்துவிடுகின்றன; விளக்கு எரிகின்றது; வரவு பதியப்படுகின்றது. தரமான ஒளிப்படத் தொகுதிகள் நூலகங்களில் அரிது, விலையோ மாணவருக்கு எட்டாதது, காணொளி இலவசம் என்பர் இம்முறையை ஆதரிப்போர். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயின் இலவசமாக வருவது எதனைப் பறித்துச் செல்கின்றது என்பதும் நோக்கற்பாலது.

ஒளிப்படம் அசையாதது. அதன்முன் எவ்வளவு நேரம் நிற்பது என்பதைப் பார்ப்பவரே தீர்மானிக்கின்றார். எதனை உள்ளே விடுவது, எதனை வெளியே தள்ளுவது என்ற தெரிவே அக்கலையின் உயிர்நிலை. காணொளி செய்வதென்ன? படத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு ஊர்கின்றது. முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்குகின்றது. வயலினை இசைத்து இரங்கச் சொல்கின்றது. நான்கு விநாடியில் அடுத்த படத்துக்குத் தாவுகின்றது. கலைஞர் இட்ட சட்டத்தை உடைத்துவிட்டு, அதைக்கொண்டே சட்டமிடும் கலையைக் கற்பிக்க முயல்வது விந்தையிலும் விந்தை.

ஜூலியா மார்கரட் கமரனை எடுத்துக்கொள்வோம். 48 வயதில் மகளும் மருமகனும் பரிசளித்த கமரா, கோழிக்கூட்டைத் திருத்தி அமைத்த படக்கூடம், மங்கலான குவிவு என்று அவர் கதை எங்கும் ஒரே விதமாகவே சொல்லப்படுகின்றது. இனிய கதைதான். அவர் 1875இல் இலங்கை வந்தார். 1879இல் டிக்கோயாவில் மறைந்தார். பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். குடும்பத்தின் முதலீடு மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களில் இருந்தது. இங்கிலாந்தில் அவர் கமராமுன் அமர்ந்த டெனிசனுக்கும் டார்வினுக்கும் பெயருண்டு. அவர் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரின் பெயரையும் வரலாறு அறியும். இலங்கையில் அவர் எடுத்து எஞ்சிய சில படங்களில் நிற்கும் தோட்டத் தொழிலாளரின் பெயர் என்ன? 1878இல் எடுத்த ஒரு படத்தின் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர் குழு' என்பதோடு நின்றுவிடுகின்றது. இக்கேள்வி எழ வேண்டுமாயின் அப்படத்தின்முன் ஒரு மாணவர் அரைமணி நேரமாவது இருத்தல் வேண்டும். வாழ்க்கைக் கதை சொல்லும் காணொளிக்கு அதற்கு அவகாசமில்லை. படமெடுத்தவரே அதன் நாயகர்.

நக்கிள்ஸ் மலையடிவாரத்துப் பன்விலவிலிருந்து பல்கலைக்கழகம் புகும் தோட்டத்து மாணவிக்கு இது ஏட்டுப் பிரச்சினை அன்று. 1870களில் சார்ள்ஸ் ஸ்கோவென் கண்டியில் படக்கூடம் நடத்திய நாள் தொட்டு, மலையகத் தமிழரை உலகம் பிறர் கமராவின் வழியாகவே கண்டுவந்துள்ளது. கூடை, கொழுந்து, புன்னகை: அஞ்சலட்டை முதல் தேயிலைப் பொதி வரை இதுவே. மேதைகளின் கதைகளை மட்டும் கேட்டு விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவி, தன் சொந்த மலையில் அதே கூடையையும் அதே புன்னகையையுமே தேடுவாள். பிழை அவளுடையதன்று, அவளுக்குக் காட்டப்பட்டது அதுவே.

எல்லாக் குறும்படங்களையும் ஒதுக்க வேண்டும் என்பதன்று வாதம். வில்லியம் கிளைன் 1980களில் தொடக்கிவைத்த 'கொன்டாக்ட்ஸ்' என்ற தொடர், ஏறத்தாழ 13 நிமிடப் படங்களாலானது. கலைஞரின் முகத்தை நாடாது, படச்சுருளின் வரிசைப் பதிவைத் திரையில் வைத்து, இது ஏன் தவறியது, அடுத்தது ஏன் பிழைத்தது என்று அவர் குரலாலேயே சொல்ல வைக்கின்றது. தோற்ற படங்களைக் காட்டும் காணொளி கற்பிக்கின்றது. வென்றவற்றை மட்டும் காட்டுவது வழிபடச் சொல்கின்றது. (1944இல் மறைந்த லயனல் வென்டுக்கு இத்தகைய படம் ஒன்று செய்ய வழியில்லை. அவர் மறைவின் பின் எதிர்ச்சுருள்கள் அழிக்கப்பட்டன.)

முதலில் தாளில் அச்சிட்ட ஒரே ஒரு படம், அதன்முன் மௌனம், பின்னர் மாணவரின் பேச்சு, அதற்கும் பின்னரே காணொளி. இவ்வரிசையைப் பேணப் பெருஞ்செலவு எதுவுமில்லை. விரிவுரையாளர் ஆயத்தம் செய்துவர வேண்டும், அவ்வளவே. காணொளியின் உண்மையான கவர்ச்சி அந்த ஆயத்தத்தை வேண்டாததாக்குவதில்தான் உள்ளது என்று ஐயுறவும் இடமுண்டு.

காணொளிதான் வேண்டுமெனில் அதனை மாணவரே ஆக்கட்டும். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராகப் பங்கிட்டது. கடவுச்சீட்டுப் பெற்றுச் சென்றவர்கள் கமராவின்முன் அமர்ந்தே சென்றார்கள். பலருக்கு அதுவே வாழ்வின் முதற்படம். மலைநாட்டுச் சிறுநகரங்களில் அப்படங்களை எடுத்த ஸ்ரூடியோக்காரரின் பெயர் எந்தக் கலைவரலாற்றிலும் இல்லை. அவர்களுள் இன்னும் இருப்போர் முதியோர். திரைச்சீலை என்ன நிறம், பிள்ளையை மடியில் வைத்தவருக்கு என்ன சொல்லி நிமிரச் செய்தார், வாங்க வராதவர்களின் படங்களை எங்கே வைத்தார் என்று அவர்களிடம் கேட்பதற்கு ஒரு கைத்தொலைபேசியும் பன்வில வரை செல்லும் பஸ் கட்டணமும் போதும்.