எச்சரிக்கை மணி அடித்தால் எடுப்பது யார்?

ஒவ்வொரு மனநோயாளியின் கையிலும் ஒரு செயலி இருந்தால் நோய் திரும்புவதை முன்கூட்டியே பிடித்துவிடலாம் என்கிறார் நண்பர். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலும் போபாலிலும் மனச்சிதைவு நோயாளிகளிடம் ‘மைண்ட்லாம்ப்’ செயலியைக் கொடுத்து ஆய்ந்திருக்கிறார்கள். செயலி கவனிக்கிற தூக்கம் கெடுவது நோய் திரும்புவதன் முன்னறிகுறி என்பதும் சரிதான். ஆனால் தேனி மாவட்டம் வீரபாண்டியில் சித்திரைத் திருவிழா வந்தால், கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்க ஊரே ராத்திரியெல்லாம் விழித்திருக்கும். செயலி அப்போது யாரைப் பிடிக்கும்? மற்ற நாளில், வயலுக்கு ராத்தண்ணி பாய்ச்சுகிறவரையா? பல வீடுகளில் போனே மகனுடையது.

சரி, மணி அடித்தாயிற்று. மருந்துக்காக க.விலக்கு அரசு மருத்துவமனைக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போகிறதே, அதற்கு எந்தப் பொத்தானை அழுத்துவது? 2022 அக்டோபரில் வந்த அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மனாஸ், 14416, பட்டன் போனிலும் பேசும். முதலில் அந்த மறுமுனையில் ஆட்களைக் கூட்டச் சொல்லுங்கள்.