குத்துவிளக்கின் மேல் விழுந்த வரி

நெய்வேலித் தொழிலாளி வீடானாலும், பக்கத்துக் கிராமத்து விவசாயக் கூலியின் குடிசையானாலும், கல்யாணச் சீரில் குத்துவிளக்குக்குத்தான் முதலிடம். அதை வார்ப்பதில் பேர்போனவர்கள் கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோவில் தொழிலாளர்கள். மண்ணில் அச்செடுத்து, பித்தளையை உருக்கி ஊற்றி, கடைந்து, மெருகேற்றிப் பிழைக்கிறவர்கள். இவர்களா ருஷ்யாவிடம் எண்ணெய் வாங்கினார்கள்? ஆனால் 2025 ஆகஸ்டில் அபராதம் இவர்கள் தலையிலும் விழுந்தது!

அந்த மாதம் 7ந் தேதி அமெரிக்க சர்க்கார் இந்தியச் சரக்குகள் மீது 25 சதவிகிதச் சுங்க வரி போட்டது. ருஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி 27ந் தேதி இன்னொரு 25 சேர்த்தது. 800 டாலர் வரையுள்ள பார்சல்களுக்கு இருந்துவந்த வரிவிலக்கையும் 29ந் தேதி எடுத்துவிட்டது. மருந்துக்கும் செல்போனுக்கும் அப்போது விலக்கு இருந்தது, குத்துவிளக்குக்கு இருக்கவில்லை. குழப்பத்தில் நமது தபால் இலாகா அமெரிக்கப் பார்சல்களையே நிறுத்தியது. மறுபடி தொடங்கியது அக்டோபர் 15ந் தேதி. தீபாவளிக்கு ஐந்தே நாள் முன்பு!

வரி கட்டுவது யார்? சட்டப்படி, இறக்குமதி செய்கிறவர். நடப்பது வேறு. 4,000 ரூபாய் விளக்கு என்று வைத்துக்கொள்வோம். 50 சதவிகிதம் என்றால் 2,000 ரூபாய் கூடுகிறது. வாங்குகிறவர் வேண்டாம் என்கிறார், அல்லது விலையைக் குறை என்கிறார். வியாபாரி தன் லாபத்தையா குறைப்பான்? பித்தளை விலை அவன் சொன்னால் இறங்குமா? அவன் கைவைக்க முடிந்தது ஒன்றுதான்: கூலி. சுரங்கத்து ஒப்பந்தத் தொழிலாளிக்கு இந்தக் கணக்கை நாம் விளக்க வேண்டியதில்லை.

டில்லி சர்க்கார் செய்தது என்ன? கைவினைப் பொருள்கள் மீதான ஜி.எஸ்.டி. செப்டம்பர் 22 முதல் 12லிருந்து 5 சதவிகிதமானது. நல்லதே. ஆனால் நின்றுபோன வெளிநாட்டு ஆர்டருக்கு அது ஈடாகாது. அதே சமயம், ஆகஸ்டு 19 முதல் டிசம்பர் 31 வரை, வெளிநாட்டுப் பஞ்சுக்கு இருந்த 11 சதவிகித இறக்குமதி வரியை நீக்கியது. மில் ஓடப் பஞ்சு வேண்டும், மறுக்கவில்லை. அந்தச் சலுகையின் சுமையைப் பருத்தி விவசாயி ஏன் சுமக்க வேண்டும்? அவன் வீழ்ந்தால் பஞ்செடுக்கும் கூலிப் பெண்ணுக்கு வேலை ஏது?

நாளை வரி ஏறலாம், இறங்கலாம். ஒவ்வொரு தடவையும் பட்டறைத் தொழிலாளிதான் பலியாக வேண்டுமா? கூடாது. தேங்கிய சரக்கைப் பூம்புகார் நிறுவனம் நியாய விலைக்கு வாங்க வேண்டும். கூலி குறையாமல் சர்க்கார் உத்தரவாதம் தர வேண்டும். வர்த்தகப் பேச்சில் கைத்தொழிலாளியின் குரலும் கேட்க வேண்டும்.

பட்டறையும், மில்லும், சுரங்கமும், வயலும் ஒன்றுசேர்ந்து கேட்டால் டில்லியின் காதில் விழாமலா போகும்?